கியர் பாக்ஸ் ஆயில் கம்பியைத் திருப்பிக் கொடுங்கள்

போன மாதம் அண்ணனின் காரில் முன்னே போக 'டி' போட்டால், வண்டி இரண்டு விநாடி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. மூன்று வாரம் முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில் மாற்றியிருந்தார். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வெகுதூரம் ஓடி வந்த வண்டியைச் சூடு ஆறுவதற்குள் லிஃப்டில் ஏற்றி, அடியிலுள்ள அளவு பிளக்கை, அதாவது அளவுக்கு மேலுள்ள ஆயில் வழியும் துளையின் மூடியைத் திறந்திருக்கிறார்கள். வழிந்ததெல்லாம் கூடுதல் ஆயில் என்று நினைத்து வழிய விட்டு மூடியிருக்கிறார்கள்.

இந்த ஆயில் சூட்டில் நன்றாக விரியும். 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் 8 லிட்டர் ஆயில் ஏறக்குறைய 350 மில்லி கூடிவிடும். அந்தச் சூட்டில் வழிய விட்டால் ஆறிய பிறகு அவ்வளவும் குறை. பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். அதிகமாக ஊற்றினாலும் கதை இதேதான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது. குறைவுக்கும் அதிகத்துக்கும் அறிகுறி ஒன்றாகவே இருப்பதால், அளவைக் கண்ணால் பார்க்க ஒரு வழி கட்டாயம் வேண்டும்.

அந்த வழிதான் ஆயிலில் விட்டு எடுத்து அளவு பார்க்கும் கம்பி, அதாவது டிப்ஸ்டிக். அதைத்தான் கார் கம்பெனிகள் எடுத்துவிட்டார்கள். 2001இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்த, இசட்எஃப் என்ற ஜெர்மன் கம்பெனி செய்த 6எச்பி கியர் பாக்ஸில் கம்பியே கிடையாது. இன்ஜின் ஓட, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது பிளக்கைத் திறந்துதான் பார்க்க வேண்டும். லிஃப்டும் சூடு காட்டும் ஸ்கேனரும் இல்லாதவர் என்ன செய்வார்? மெர்சிடிஸின் 722.6 கியர் பாக்ஸில் கம்பி போகும் குழாயை வைத்துவிட்டு, கம்பி இல்லாமல் மூடி மட்டும் போட்டார்கள்.

கண்ட ஆயிலை ஊற்றுகிறார்கள், தூசி உள்ளே போகிறது என்று கம்பெனிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் கம்பியை வைத்துக்கொண்டே சூட்டுப் பிரச்சினையைச் சமாளித்தவர்களும் இருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1984இல் கொண்டுவந்த 440-டி4 கியர் பாக்ஸில் பக்கவாட்டு மூடிக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு உண்டு. ஆயில் குளிர்ந்திருக்கும்போது வழிவிட்டு ஆயிலை அடித்தட்டுக்கு இறங்க விடும். சூடானதும் அழுந்தி அடைத்து, ஆயிலைப் பக்கவாட்டிலேயே நிறுத்தி வைக்கும். விரிந்த ஆயில் கியர்களை மூழ்கடிக்காது. கம்பியில் பார்த்தால், சூடானதும் அளவு ஏறாமல் இறங்கும்! எவ்வளவு அழகான யோசனை. அந்தத் தகட்டைத் திரும்ப மாட்டும்போது, அதைப் பிடிக்கும் பின்களின் உயரம் சொன்னபடி இருக்க வேண்டும். மாறினால் அளவுக் கணக்கே மாறிவிடும்.

மாற்று பாகங்களைப் பற்றி எனக்குள்ள ஆதங்கமும் இதுதான். ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ கியர் பாக்ஸுக்கு ஆழம் குறைந்த ஆயில் பேன் (ஆயில் நிற்கும் அடித்தட்டு), ஆழமான பேன் என்று இரண்டு உண்டு. ஃபில்டரும் அதற்கேற்ப வேறு வேறு. ஆழமான பேனில் மற்றதன் ஃபில்டரை மாட்டினால், ஆயிலை உறிஞ்சும் அதன் வாய் மேலேயே நின்றுவிடும். கடையில் கியர் பாக்ஸ் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, பேனையும் காட்டித்தான் வாங்க வேண்டும். பேன், ஃபில்டர், அளவுக் குழாய் மூன்றையும் ஒரே பொருளாக நினைத்து, எந்த வடிவத்துக்கு எது என்று பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சிட்டால் என்ன? 6எச்பியில் ஃபில்டரை பிளாஸ்டிக் பேனோடு சேர்த்தே செய்திருக்கிறார்கள். விலை கூடுதல்தான், ஆனால் தப்பு நடக்காது. அந்த ஒன்றை நான் மனசார ஆதரிக்கிறேன்.

அப்புறம், 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று கார் கம்பெனி சொல்வதை நம்பாதீர்கள். கியர் பாக்ஸைச் செய்யும் இசட்எஃபே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது.

அண்ணன் வண்டியை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்கேனர் வைத்து, சொல்லப்பட்ட 40 டிகிரி வந்ததும் பிளக்கைத் திறந்தோம். ஒரு சொட்டுகூட வரவில்லை. மெல்லிய இழையாக வழியும்வரை ஊற்றி மூடினோம். 'டி' போட்டதும் வண்டி நகர்ந்தது. ஆயில் பெயர், ஃபில்டர் நம்பர், '40 டிகிரி, இன்ஜின் ஓட வேண்டும்' மூன்றையும் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.