லாரி நின்றதும் அரசு நின்றது: சிலி 1970-73

சிலியில் தேர்தலில் வென்று வந்த அலெண்டேயின் சோஷலிச அரசு 1973-ல் ஏன் கவிழ்ந்தது என்று பேச்செடுத்தால் இரண்டே பதில்கள்தான் வரும். "அமெரிக்கா கவிழ்த்தது" என்று ஒரு சாரார். "சோஷலிசம் நாட்டைத் திவாலாக்கியது" என்று இன்னொரு சாரார். இரண்டுக்குமே ஆதாரம் உண்டு. ஆனால் வெளியிலிருந்து வந்த நெருக்கடியும் உள்ளூர்ச் சண்டையும் எந்த இடத்தில் கைகோத்தன என்று பார்க்காமல் அந்த மூன்று வருடங்கள் பிடிபடாது. என் கணக்கில் அந்த இடம் லாரி டயர். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஓட்டுக் கணக்கு. 1970 செப்டம்பர் 4 தேர்தலில் சல்வடோர் அலெண்டே பெற்றது சுமார் 36.5 சதவீதம். வலதுசாரி வேட்பாளர் அலெஸாந்திரி ஒன்றரை சதவீதம்தான் பின்னால். மூன்றாவதாக வந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் தோமிச்சுக்குக் கிட்டத்தட்ட 28. யாருக்கும் பாதி கிடைக்காததால் முடிவு நாடாளுமன்றத்தின் கைக்குப் போனது. பத்திரிகைச் சுதந்திரம், ராணுவத்தின் தன்னாட்சி போன்றவற்றுக்கு உத்தரவாதம் தரும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அலெண்டே ஒத்துக்கொண்ட பிறகுதான் கிறிஸ்தவ ஜனநாயகர்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அதாவது, பதவி ஏற்ற நாளிலேயே அவர் நடுக்கட்சிக்குக் கடன்பட்டவர். இரு அவைகளிலும் அவர் கூட்டணிக்குப் பெரும்பான்மை கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாமிரம்தான் சிலியின் சம்பாத்தியம். ஏற்றுமதி வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் அதிலிருந்துதான் வந்தது. பெரிய சுரங்கங்கள் அனகொண்டா, கென்னகாட் என்ற அமெரிக்க நிறுவனங்களிடம் இருந்தன. 1971 ஜூலை 11 அன்று நாடாளுமன்றம் அவற்றை நாட்டுடைமையாக்கியது. எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. வலதுசாரிகளும் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டார்கள். சண்டை இழப்பீட்டில் வந்தது. 1955 முதல் ஆண்டுக்கு 12 சதவீதத்துக்கு மேல் எடுத்த லாபமெல்லாம் "மிகை லாபம்" என்று சொல்லி, 77.4 கோடி டாலரை இழப்பீட்டிலிருந்து கழிக்கச் சொன்னார் அலெண்டே. கழித்ததும் சுக்கிகமாத்தா, எல் தெனியென்தே போன்ற பெரிய சுரங்கங்களுக்குக் கொடுக்க வேண்டியது பூஜ்யம் ஆகிவிட்டது.

வாஷிங்டன் இதற்காகக் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை. 1970 செப்டம்பர் 15 அன்றே அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் பேசியதை சி.ஐ.ஏ. தலைவர் ஹெல்ம்ஸ் கையால் குறித்து வைத்திருக்கிறார்: பொருளாதாரத்தை அலற விடு என்று. அதற்குப் பிறகு நடந்தவை பெரும்பாலும் சத்தமில்லாத வேலைகள். 1971 ஆகஸ்டில் மூன்று போயிங் பயணிகள் விமானங்கள் வாங்கக் கேட்ட 2.1 கோடி டாலர் கடனை அமெரிக்க ஏற்றுமதி-இறக்குமதி வங்கி மறுத்தது. உலக வங்கி புதிய கடன் தரவில்லை. அமெரிக்கத் தனியார் வங்கிகளின் குறுகிய காலக் கடன், முந்தைய ஆட்சியில் சுமார் 30 கோடி டாலராக இருந்தது, 1972-ல் சுமார் 3 கோடியாகச் சுருங்கியது. சிலி ராணுவத்துக்கான உதவி மட்டும் நிற்கவே இல்லை. இது ஒன்றே போதும், கணக்கு எங்கே போடப்பட்டது என்று தெரிந்துகொள்ள.

இந்தக் குறுகிய காலக் கடனை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் கழுத்தைப் பிடித்தது அதுதான். பேருந்துக்கு ஒரு பம்ப், லாரிக்கு ஒரு செட் டயர் வேண்டும் என்றால் முன்பு எப்படி நடக்கும்? ஆர்டர் போடுவார்கள், வங்கி உத்தரவாதம் கொடுக்கும், சரக்கு வந்துவிடும், பணத்தைச் சில மாதம் கழித்துக் கட்டலாம். அதற்குள் தாமிரம் விற்ற டாலர் கைக்கு வந்துவிடும். கடன் நின்றதும் முதலில் டாலரைக் கட்ட வேண்டும், அப்புறம்தான் சரக்கு. அதே நேரம் தாமிர விலை இறங்கிவிட்டது. 1970-ல் ராத்தலுக்கு 64 சென்ட் அளவில் இருந்தது, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் 49 சென்ட்டை ஒட்டியே நின்றது. இருக்கிற டாலருக்குக் கோதுமை வாங்குவதா, டயர் வாங்குவதா? அரசு கோதுமை வாங்கியது. வேறு எந்த அரசாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும்.

விளைவை சிலியின் பொருளாதார அமைச்சகமே 1972 இறுதியில் கணக்கெடுத்தது. சுக்கிகமாத்தா சுரங்கத்தின் டீசல் லாரிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று ஓடவில்லை. தனியார் நகரப் பேருந்துகளில் 30 சதவீதம், அரசுப் பேருந்துகளில் 33 சதவீதம், டாக்சிகளில் 21 சதவீதம் முடங்கிக் கிடந்தன. காரணம் உதிரி பாகமும் டயரும் இல்லாதது. அந்த வண்டிகளும் இயந்திரங்களும் பெரும்பாலும் அமெரிக்கத் தயாரிப்பு. சோவியத் நாடு கடன் கொடுத்தாலும் ஃபோர்டு இன்ஜினுக்கு அங்கே பிஸ்டன் கிடைக்காது.

இனி உள்ளூர்ப் பக்கம். இதில் அரசின் தவறுகளை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

முதல் ஆண்டில் சம்பளத்தை உயர்த்தி விலையைக் கட்டிப்போட்டார்கள். சும்மா கிடந்த ஆலைகள் ஓடின, உற்பத்தி கூடியது, 1971 உள்ளாட்சித் தேர்தலில் கூட்டணிக்குப் பாதி ஓட்டு வந்தது. சும்மா கிடந்த திறன் தீர்ந்த பிறகும் அதே வழியில் போனதுதான் பிழை. விலை ஏறாது, செலவு ஏறும், ஆலை நட்டத்தில் ஓடும், நட்டத்துக்கு மத்திய வங்கி நோட்டு அடிக்கும். கட்டுப்பாட்டு விலையில் ஆலையை விட்டு வெளியே வந்த சரக்கு பல மடங்கு விலையில் கள்ளச் சந்தைக்குப் போகும். 1971-ல் 22 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1972 முடிவில் 160 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

அதைவிடப் பெரிய தவறு, ஆலைகளை எடுத்துக்கொண்ட முறை. நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறாது என்பதால், 1932-ல் சுமார் நூறு நாட்களே இருந்த ஒரு சோஷலிச ஆட்சி போட்ட 520-ஆம் ஆணையைத் தூசி தட்டி எடுத்தார்கள். வழிமுறை இதுதான். ஆலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள் அல்லது உள்ளே புகுந்து உட்காருவார்கள். உற்பத்தி நின்றுவிடும். "அத்தியாவசியப் பொருள் தட்டுப்பாடு" என்று சொல்லி அமைச்சகம் ஆலையைத் தன் பொறுப்பில் எடுத்து நிர்வாகி ஒருவரை நியமிக்கும். தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஆணையைத் திருப்பி அனுப்பினால், ஜனாதிபதியும் எல்லா அமைச்சர்களும் கையெழுத்துப் போட்டு வலியுறுத்தி நிறைவேற்றுவார்கள். சட்டத்தில் இடமிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் காகிதத்தில் ஆலை பழைய முதலாளியுடையது, சாவி அரசிடம். முதலாளி முதலீடு செய்ய மாட்டான், அரசுக்கோ உரிமை இல்லை. அடுத்து எந்த ஆலை என்று யாருக்கும் தெரியாததால் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்காரன்கூட நடுங்கினான். அவனைத் தொடும் எண்ணம் அரசுக்கு இல்லை. ஆனால் அதை எழுதிக் கொடுக்கும் சட்டம் எதுவும் இல்லையே.

அந்தச் சட்டத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எது அரசுத் துறை, எது கலப்புத் துறை, எது தனியார் துறை என்று எல்லை வரையும் திருத்தத்தை கிறிஸ்தவ ஜனநாயகர்கள் கொண்டுவந்தார்கள். அலெண்டே அதை வீட்டோ செய்தார். 1972 ஜூனில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. பெரும்பாலான அம்சங்களில் உடன்பாடு நெருங்கியது. சிக்கிய இடங்களில் ஒன்று "பப்பெலேரா" என்ற தனியார் காகித ஆலை. செய்தித்தாள் காகிதம் அங்கிருந்துதான் வந்தது. அது அரசின் கைக்குப் போனால் எதிர்க்கட்சிப் பத்திரிகைக்குக் காகிதம் கிடைக்குமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. சோஷலிஸ்ட் கட்சியின் தீவிரப் பிரிவு விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது, எதிர்ப்பக்கம், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியில் முன்னாள் ஜனாதிபதி ஃப்ரெய் அணிக்கும் ஒப்பந்தத்தில் மனமில்லை. கெடு முடிந்தது, பேச்சும் முடிந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் தவறவிட்ட மிகப் பெரிய வாய்ப்பு இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

நான்கு மாதம் கழித்து லாரி வந்தது. தெற்கே அய்சென் மாகாணத்தில் அரசுப் போக்குவரத்து நிறுவனம் தொடங்கும் திட்டம். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒல்லியான நாட்டில் சரக்கில் பெரும்பகுதி லாரியில்தான் போக வேண்டும். லாரி உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஒன்று இரண்டு வண்டி வைத்துத் தாங்களே ஓட்டுபவர்கள். ஏற்கெனவே டயர் இல்லை. இனி வரும் டயரெல்லாம் அரசு லாரிக்குப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. வெளியில் நிறுத்திய கடனும் உள்ளே எழுதாமல் விட்ட சட்டமும் சேர்ந்து அந்த ஓட்டுநரின் மடியில் விழுந்தன. 1972 அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வேலைநிறுத்தம் நாடு முழுக்கப் பரவியது. கடைக்காரர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஓடிய லாரிகளை நிறுத்த சாலையில் "மிகெலிட்டோ" போட்டார்கள். ஆணிகளை வளைத்துச் சேர்த்துச் செய்வது, எப்படி வீசினாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும். டயரே கிடைக்காத நாட்டில் டயரைக் கிழிக்கும் ஆயுதம். அரசு டெலக்ஸ் (தட்டச்சு செய்து செய்தி அனுப்பும் கருவி) வலையமைப்பை வைத்து எந்த லாரி எங்கே இருக்கிறது, எங்கே என்ன தட்டுப்பாடு என்று பார்த்துச் சமாளித்தது. தொழிலாளர்கள் ஆலைகளைத் தாங்களே ஓட்டினார்கள். அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

சி.ஐ.ஏ. பணம் பற்றி அமெரிக்க செனட் குழுவின் 1975 அறிக்கை சொல்வது: 1970 தேர்தலுக்கும் ராணுவப் புரட்சிக்கும் இடையே 80 லட்சம் டாலர். அதில் பெரும் பகுதி கட்சிகளுக்கும் 'எல் மெர்குரியோ' நாளிதழுக்கும். லாரிக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்க அனுமதி இல்லை. ஆனால் பணம் பெற்ற ஒரு தனியார் அமைப்பு 2,800 டாலரை வேலைநிறுத்தக்காரர்களுக்குக் கொடுத்தது. சி.ஐ.ஏ. அதைக் கண்டித்துவிட்டு, அடுத்த மாதமே மறுபடியும் பணம் கொடுத்தது.

வேலைநிறுத்தத்தை முடிக்க அலெண்டே ராணுவத் தளபதி கார்லோஸ் பிராட்ஸை உள்துறை அமைச்சராக்கினார். பிராட்ஸ் நேர்மையானவர், சட்டத்தை மதித்தவர். ஆனால் அரசியல் சண்டையைத் தீர்க்க ராணுவம்தான் வர வேண்டும் என்ற பழக்கம் அன்றுதான் தொடங்கியது. 1973 மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணிக்கு 44 சதவீதம் வந்தது. பதவி நீக்கத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு எதிர்க்கட்சிகளுக்குக் கிடைக்கவில்லை. ஜூலையில் லாரிகள் மறுபடி நின்றன. ஆகஸ்ட் 22 அன்று அரசு சட்டத்தை மீறுகிறது என்று கீழவை 81-க்கு 47 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. மறுநாள் பிராட்ஸ் தளபதிப் பதவியிலிருந்து விலகினார், அந்த இடத்துக்கு ஜெனரல் பினோசெட் வந்தார். மக்கள் வாக்கெடுப்பை அறிவிக்க அலெண்டே தயாராகிக்கொண்டிருந்தபோது, ராணுவப் புரட்சி நடந்த செப்டம்பர் 11 விடிந்தது.

பினோசெட் ஆட்சி 520-ஆம் ஆணையால் எடுத்த ஆலைகளில் பெரும்பாலானவற்றைப் பழைய முதலாளிகளிடம் சீக்கிரமே திருப்பிக் கொடுத்தது. அனகொண்டாவுக்கு 1974-ல் இழப்பீடும் கொடுத்தது. ஆனால் ஒரு ஓட்டும் எதிர்க்காமல் நாட்டுடைமையான அந்தப் பெரிய தாமிரச் சுரங்கங்களைத் திருப்பிக் கொடுக்க அவர்களாலும் முடியவில்லை. 1976-ல் கொடெல்கோ என்ற அரசு நிறுவனத்தை உருவாக்கி அதன் கையில் கொடுத்தார்கள். சுக்கிகமாத்தாவும் எல் தெனியென்தேவும் இன்றும் அதனிடம்தான் இருக்கின்றன.