பீப்பாய்க் கணக்கு

செவ்வாய்க்கிழமை ராத்திரி, எண்ணெய்க் கப்பல்களைப் பிடிப்பது பற்றி நடந்த டிவி விவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் அந்த ஒரு நிமிடத் துண்டு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். எனக்கே ஆறு பேர் அனுப்பினார்கள். கோபம் ஆறட்டும் என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ஆறவில்லை.

ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவில் இருக்கும் ஹோர்முஸ் ஜலசந்தியில் எண்ணெய்க் கப்பலை ஈரான் பிடிப்பது கடற்கொள்ளை என்றார், விவாதத்துக்கு வந்திருந்த பொருளாதாரம் படித்த, கோட்டு போட்ட பெரியவர். சரி. எத்தனை லட்சம் பீப்பாய், விலை எவ்வளவு ஏறும், பங்குச் சந்தை என்ன ஆகும் என்று விரல்விட்டு எண்ணினார். உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகப் போகிறது, எண்ணட்டும். கப்பலுக்குள் எத்தனை பேர் என்று மட்டும் அவரும் சொல்லவில்லை, நெறியாளரும் கேட்கவில்லை. கடைசியில் ஒருவர், இலங்கைக் கடற்படை பிடிக்கும் ராமேஸ்வரம் படகுகளைப் பற்றிக் கேட்டதும் பெரியவரிடம் ஒரு சிரிப்பு. "அது வேற விஷயங்க. இவங்க எல்லை தாண்டிப் போறாங்க, அவன் பிடிக்கிறான்."

அந்தச் சிரிப்புக்காகத்தான் எழுதுகிறேன்.

ஐயா, ஹோர்முஸ் ஒடுங்கிய இடத்தில் 21 கடல் மைல்தான். இரண்டு கரைக்காரர்களும் ஆளுக்கு 12 கடல் மைல் எடுத்துக்கொண்டால் நடுவில் பொதுக்கடல் என்று ஒரு கைத் தண்ணீர்கூட மிஞ்சாது. ஈரான் நீரிலோ ஓமன் நீரிலோ நுழையாமல் எந்தக் கப்பலும் அதைத் தாண்ட முடியாது. அங்கே அதைக் கடந்துபோகும் உரிமை என்கிறீர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் அதைவிடவும் குறைந்த கடல்தான் இருக்கிறது. ராத்திரி நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கும்போது வலையும் படகும் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்று ஒரு நாள் வந்து பாருங்கள். இங்கே அதற்குப் பெயர் அத்துமீறல்.

"ஜிபிஎஸ் இருக்கே அண்ணே" என்று ஒருவர் வருவார். இருக்கிறது தம்பி. அது படகு நிற்கும் இடத்தைக் காட்டும். மீன் நிற்கும் இடத்தைக் காட்டாது. "இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை போட்டு அந்தப் பக்கத்து மீனவன் வயிற்றில் அடிக்கிறீர்களே" என்று இன்னொருவர் கேட்பார். அதில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். (போன வருடமும் இதையேதான் சொன்னேன், தெரியும்.)

எங்கள் படகு பிடிபட்டபோது எனக்குப் பதினாறு வயது. ஆட்கள் நாற்பத்திரண்டு நாளில் வந்துவிட்டார்கள். படகு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து யாரோ ஒரு போட்டோ கொண்டுவந்தார்கள். பலகை இற்றுப்போய், எஞ்சின் இல்லாமல், பாதி தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், எழுதியிருந்த தங்கச்சி பெயர் மட்டும் அழியவில்லை. அப்பா அந்த போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான்" என்றார். அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை.

படகு போனதால்தான் தம்பி கப்பலுக்குப் போனான். வட்டிக்கு வாங்கி, கோர்ஸ் படித்து, சிடிசி என்கிற கப்பல்காரர் அடையாளப் புத்தகம் எடுத்து, எண்ணெய்க் கப்பலில் டெக்கில் ஏபி, அதாவது மாலுமி. 2019 ஜூலையில் ஈரான் ஸ்டெனா இம்பேரோ என்ற பிரிட்டிஷ் கொடி எண்ணெய்க் கப்பலைப் பிடித்தபோது அவனும் வளைகுடாவில்தான், வேறொரு கப்பலில். நான்கு நாள் பேச்சே இல்லை. அவனை அனுப்பிய கம்பெனிக்கு போன் போட்டால் "சார், கார்கோ பத்திரமாக இருக்கிறது" என்றாள் ஒரு பெண். நான் கார்கோவைக் கேட்கவில்லையம்மா.

ஸ்டெனா இம்பேரோவில் 23 பேர். அதில் 18 பேர் இந்தியர்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஜிப்ரால்டரில் பிரிட்டிஷ்காரர்கள் ஈரான் எண்ணெய் ஏற்றிவந்த கிரேஸ் 1 கப்பலைப் பிடித்திருந்தார்கள்; கேப்டன் உட்படக் கைதான நான்கு பேரும் இந்தியர்கள். அவன் கப்பலை இவன் பிடிக்கிறான், இவன் கப்பலை அவன் பிடிக்கிறான், இரண்டிலும் மாட்டுவது நம் வீட்டுப் பையன். 2023 ஏப்ரலில் ஈரான் பிடித்தது அட்வான்டேஜ் ஸ்வீட் என்ற எண்ணெய்க் கப்பலை. கொடி மார்ஷல் தீவுகளுடையது, எண்ணெய் குவைத்துடையது, சரக்கு போக வேண்டிய ஊர் அமெரிக்காவில். உள்ளே இருந்த 24 பேரும் இந்தியர்கள் என்று அப்போது செய்தி. இந்தக் கணக்கை யாராவது விரல்விட்டு எண்ணினார்களா?

இன்னொரு வேடிக்கை. ஸ்டெனா இம்பேரோ ஒரு மீன்பிடிப் படகில் மோதியது என்று ஈரான் அப்போது காரணம் சொன்னது. படகுக்காரனுக்காக அவ்வளவு பெரிய கப்பலையே பிடித்தார்களாம்! பாம்பன் டீக்கடையில் நான் இதை வாசித்துக் காட்டியதும் ஒரு பெரியவர், "நம்மளையும் அங்க சேத்துக்குவானா கேளு" என்றார்.

"கப்பல்காரனுக்கு டாலரில் சம்பளம், அவனையும் மீனவனையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய்?" அதானே, டாலர் வாங்குகிறவனைச் சிறை கடிக்காது. 2022 ஆகஸ்டில் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஈக்குவடோரியல் கினியாவில் ஹீரோயிக் இடுன் என்ற எண்ணெய்க் கப்பலைப் பிடித்து, பிறகு நைஜீரியாவிடம் ஒப்படைத்தார்கள். ஒன்பது மாதம் காவல். மொத்தம் 26 பேர். 16 பேர் இந்தியர்கள், 8 பேர் இலங்கைக்காரர்கள். இங்கே ஒரு கடல் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்கள் அங்கே ஒரே கப்பலில், ஒரே காவலில். அந்தச் செய்தியை வாசித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நான் ஈரானுக்கு ஆதரவும் இல்லை, அமெரிக்காவுக்கு எதிர்ப்பும் இல்லை. அரசியல் தெரியாதவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கப்பலோ படகோ, பிடித்தால் உள்ளே ஆள் இருக்கிறான். முதலில் அவன் பெயரைச் சொல்லுங்கள், பீப்பாயை அப்புறம் எண்ணலாம். இதைச் சொல்லப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டுமா? கோட்டு போட்டிருக்க வேண்டுமா? எங்கள் அப்பாவைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை ஐயா, பிடித்தவர்கள்கூட.

தம்பி அடுத்த காண்ட்ராக்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். வரும் வியாழக்கிழமை கிளம்புகிறான், ஃபுஜைராவில் ஏறி ஹோர்முஸைத் தாண்டி உள்ளே சவுதியின் ராஸ் தனுராவுக்கு. அம்மாவிடம் சிங்கப்பூர் என்று சொல்லியிருக்கிறோம். அம்மா முகநூலில் இல்லை. சொந்தக்காரர்கள் யாரும் போய் இதை வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.