தங்கவயலில் தொழில் போடும் முன் இரண்டு காகிதங்களைப் பாருங்கள்

பெங்களூருவில் கே.ஆர்.புரம், ஒயிட்ஃபீல்டு பக்கம் குடியேறிவிட்ட கோலார் தங்கவயல் தமிழர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும்: "ஊர்ல ஏதாவது போடலாம்ண்ணா, ஆனா அங்க பிசினஸ் ஓடாது." கேட்டால் 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கத்தை மூடியதைச் சொல்வார்கள். மூடிக் கால் நூற்றாண்டு ஆகிறது. இன்றைக்கும் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூரு போய்ச் சம்பாதித்துக்கொண்டு வரும் சம்பளம் அந்த ஊருக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பணம் இருக்கிறது. அஞ்சு வருடம் தள்ளி யோசித்து முதல் போடும் தைரியம்தான் இல்லை. அதைக் கெடுப்பவை வாடகை ஒப்பந்தமும் வசூலாகாத பில்லும் என்பேன்.

முதலில் ஒப்பந்தம். எல்லோரும் 11 மாதத்துக்கு எழுதுகிறார்கள். ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும், முத்திரைக் கட்டணமும் கூடும் என்பதால் வந்த பழக்கம். வீட்டுக்கு அது போதும். பட்டறைக்குப் போதாது. மத்திய அரசு மானியத்தோடு சிறுதொழில் தொடங்க வங்கி தரும் பி.எம்.இ.ஜி.பி. கடன் 3 முதல் 7 வருடத்தில் அடைப்பது. 11 மாதம் மட்டுமே இருக்கப்போகும் இடத்தை நம்பி 7 வருடக் கடனை எந்த மேனேஜர் மனமாரக் கொடுப்பார்? கடைக்காரரும் அதே கணக்கைத்தான் போடுகிறார். ஒரே ராத்திரியில் கழற்றி லாரியில் ஏற்ற முடிந்ததை மட்டும் வாங்கி வைக்கிறார். த்ரீ-பேஸ் கரண்ட் இழுப்பதில்லை, மிஷினுக்கு ஃபவுண்டேஷன் போடுவதில்லை.

ஆகவே நீண்ட குத்தகைக்கு இடம் பார்க்கும்போதே உரிமையாளரின் இ-கத்தாவையும் (நகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு) ஈசியையும் (வில்லங்கச் சான்று) கேளுங்கள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டையில் தனியார் மனை என்றால் பெரும்பாலும் கிடைக்கும். நிலம் சுரங்கத்தை நடத்திய பி.ஜி.எம்.எல். கம்பெனியுடையது என்றால், அதில் குடியிருப்பவர் எழுதிக் கொடுக்கும் குத்தகைக்கு வங்கியில் மதிப்பில்லை. வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொழிலுக்கு அந்த இடம் வேண்டாம்.

மானியம் கிராம விகிதத்தில் கிடைக்கும், கையிலேயே வரும் என்றும் ஒரு தப்புக் கணக்கு ஓடுகிறது. தங்கவயல் நகராட்சிப் பகுதி, அதனால் நகர்ப்புற விகிதம்தான்: பொதுப் பிரிவுக்கு 15 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 25. 20 லட்சம் ரூபாய் திட்டம், சிறப்புப் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பணம் 1 லட்சம், வங்கி தருவது 19 லட்சம், மானியம் 5 லட்சம். அந்த 5 லட்சம் கைக்கு வராது. வட்டியில்லா வைப்பாக 3 வருடம் வங்கியிலேயே கிடக்கும். அவ்வளவு தொகைக்குக் கடன் வட்டியும் கிடையாது. பிறகு நேரில் வந்து பார்த்துவிட்டுக் கடனில் கழிப்பார்கள். இரண்டாம் வருடமே கடையை மூடினால் மானியம் போச்சு. இன்னொன்று: நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது.

இவ்வளவும் தாண்டியவர்கள் விழும் இடம் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டும் பணம். மாதம் 3 லட்சத்துக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். வருட விற்பனை 36 லட்சம். வழக்கமான கணக்குப்படி அதில் 20 சதவீதம், அதாவது 7.2 லட்சம் வங்கி தரும் கடன் லிமிட். உங்கள் பங்கு 1.8 லட்சம். ஆக 9 லட்சம். வாங்குபவர் 90 நாள் இழுத்தால் பில்லிலேயே 9 லட்சம் மாட்டிக்கொள்ளும். இரும்புக்கும் கூலிக்கும் எங்கே போவது? ஆர்டர் கையில் இருக்கும்போதே பட்டறை மூடுவது இப்படித்தான். "அந்த ஊர்ல ஓடாது" என்ற பேச்சும் இப்படித்தான் வளர்கிறது.

குறு, சிறு தொழில்களுக்கான சட்டம் உங்கள் பக்கம்தான். வாங்குபவர் பில்லை அடைக்க, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது, அதுவும் தெரிந்ததே. அதைவிட நாசூக்கான ஆயுதம் வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டு முதல் 43பி(எச்) என்ற பெயரில் வந்த விதி: வாங்குபவர் குறு, சிறு தொழிலுக்குக் கெடு தாண்டியும் பாக்கி வைத்தால், பணம் கொடுக்கும் வருடம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. பில்லிலேயே உத்யம் எண்ணை (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு எண்) அச்சடித்துவிடுங்கள். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார். சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு முடிந்திருக்க வேண்டும். வாங்கி விற்கும் கடைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஊரிலேயே கனரக இயந்திரங்கள் செய்யும் மத்தியப் பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல். இருக்கிறது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும், அதற்குள் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3 சதவீதம். தங்கவயல் மாதிரி ஊருக்கு இதைவிட நேரான வாசல் கிடையாது. கூட்டு நிறுவனமென்றால் குறைந்தது 51 சதவீதப் பங்கு அவர்களுடையதாக இருக்க வேண்டும். பேருக்கு ஒருவரை நிறுத்தும் வேலை வேண்டாம்.

பெங்களூரு-சென்னை விரைவுச்சாலை பக்கத்து ஊரான பேத்தமங்கலம் பக்கம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். சரக்குக்கு நல்லது. ஜவுளிக்கடைக்கு அவ்வளவு நல்லதில்லை, பெங்களூருவின் ஜவுளிச் சந்தையான சிக்பேட்டையும் அதே அளவு பக்கத்தில் வந்துவிட்டது. சுரங்க நிலத்தில் தொழிற்பேட்டை என்று பேச்சு கிளம்பும்போதெல்லாம் ஊரில் முதலில் ஏறுவது கடை முன்பணம். அதனால் குத்தகையை இப்போதே 7 வருடத்துக்குப் பதிவு செய்து, வருட ஏற்றம் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று அதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.