கொழுந்து லொறிக்குப் பின்னால் ஒரு கிளட்ச்

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி நேற்று எழுதியிருந்தார். டர்போ ஸ்டார்லெட் ஒன்று வாங்கியிருக்கிறாராம். பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, ஏற்றிய நாளிலிருந்து கிளட்ச் வழுக்குகிறதாம். "ஸ்டேஜ் 3 போட்டுவிடலாமா அண்ணா? கூடவே ஆக இலேசான ஃபிளைவீலும்?" என்று கேட்டிருந்தார். ஸ்டேஜ் 3 என்பது கடும் பிடியுள்ள கிளட்சுக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர்; ஃபிளைவீல் என்பது எஞ்சினோடு சேர்ந்து சுழலும், கிளட்ச் பிடித்துக்கொள்ளும் கனத்த இரும்புத் தட்டு. பதில் நீண்டுபோனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் இதே கேள்வியை நானும் கேட்டேன். கேட்டது கொழும்பில், சமதரையில் கார் ஓட்டும் நண்பர்களிடம். பிழை அங்கேதான் தொடங்கியது.

என்னுடையது கிளான்ஸா, அதுவும் டர்போ ஸ்டார்லெட்தான். 1331 சீசீ எஞ்சின். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 135 குதிரைவலு, 157 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடங்களில் நம்மில் பலர் இருக்கிற பழைய காரைச் செல்லப்பிள்ளை போல வளர்க்கப் பழகிவிட்டோம். நானும் வளர்த்தேன். செல்லம் கூடி பூஸ்டையும் ஏற்றினேன். எங்கள் கணக்கில் 210 நியூட்டன் மீற்றர் பக்கம் வந்திருக்கும்.

ஒரு நாள் காலை, கம்பளையைத் தாண்டி புசல்லாவைப் பக்கம் ஏறும்போது, நாலாம் கியரில் அழுத்தினேன். டர்போ விழித்துக்கொள்ளும் 3000 சுற்றைத் தாண்டியதும் சுற்றுமானியின் ஊசி 4500க்குத் துள்ளியது. காரின் வேகம் இருந்த இடத்திலேயே இருந்தது. கூடவே கிளட்ச் கருகும் அந்த வாசனை. ஏப்ரல் சீசனில் ரம்பொடை ஏற்றத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது என்ன வாசனை என்று சொல்ல வேண்டியதில்லை.

கிளட்ச் போய்விட்டதா என்று பார்க்க இதுவே நல்ல சோதனை. முதல் இரண்டு கியர்களில் எஞ்சின் சுற்று சட்டென்று ஏறிக் கடந்துவிடும், வழுக்கல் தெரியாது. மேல் கியரில் முழு முறுக்குவிசையும் நீண்ட நேரம் கிளட்சின் மேல் உட்கார்ந்திருக்கும். டர்போ காரில் அந்த முறுக்குவிசை நடுச் சுற்றிலேயே மொத்தமாக வந்து விழுகிறது. "என் கார் 180 குதிரைவலு, எந்தக் கிளட்ச் தாங்கும்?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதேயில்லை. கிளட்சுக்குக் குதிரைவலு தெரியாது. முறுக்குவிசையைச் சொல்லுங்கள், அதுவும் எத்தனை சுற்றில் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

தாங்கும் அளவுக்கு ஒரு சிறிய கணக்கு உண்டு. கிளட்ச் பிளேட்டின் உராய்வுக் குணகம், அதை ஃபிளைவீலோடு பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராய்வு வளையத்தின் சராசரி ஆரம் மூன்றையும் பெருக்குங்கள். பிளேட்டுக்கு இரண்டு முகம் இருப்பதால் இன்னுமொரு இரண்டால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, 0.3 உராய்வு, 4000 நியூட்டன் அழுத்தம், 8.5 சென்ரிமீற்றர் ஆரம் என்று வைத்தால் 204 நியூட்டன் மீற்றர் வரும். சிறிய காருக்கு அது தாராளம்தான், பிளேட் புதிதாக இருக்கும்வரை. இருபது வருடம் தேய்ந்து, எஞ்சினின் பின்பக்க சீல் கசிந்து ஒரு சொட்டு எண்ணெயும் பட்டுவிட்டால் அந்த 0.3 எங்கே நிற்கும்?

இந்தக் கணக்கில் எதைக் கூட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆரத்தைக் கூட்ட இடமில்லை. பிளேட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம், ட்வின் பிளேட் என்பது அதுதான். அதன் விலையைக் கேட்டபின் நான் தேநீர் கேட்டேன். மிச்சம் இரண்டு வழி. அழுத்தத்தைக் கூட்டுவது, அல்லது உராய்வைக் கூட்டுவது. ஸ்டேஜ் 1, 2, 3 என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்குப் பொதுவான தரநிர்ணயம் எதுவும் கிடையாது. ஒரு கம்பனியின் 2 இன்னொரு கம்பனியின் 1 ஆக இருக்கலாம். எத்தனை நியூட்டன் மீற்றர் தாங்கும், பிளேட்டின் முகம் என்ன பொருள், நடுவில் ஸ்பிரிங் இருக்கிறதா என்ற மூன்றையும் சொல்லாத பெட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

நான் திருப்பி வைக்கவில்லை. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஆறு செரமிக் துண்டுகள் பதித்த, நடுவில் ஸ்பிரிங் இல்லாத பிளேட் ஒன்றை வாங்கினேன். 8 கிலோ ஃபிளைவீலைக் கழற்றி 5 கிலோ ஃபிளைவீலைப் போட்டேன். கண்டியில் பூட்டிக்கொண்டு, புசல்லாவையில் மாமியை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன். ஏப்ரல் மாதம். ரம்பொடையில் எனக்கு முன்னால் கொழுந்து லொறி, பின்னால் தனியார் பஸ்.

செரமிக் பிளேட்டுக்குப் பாதிப் பிடி என்பது தெரியாது. விட்டால் விட்டது, பிடித்தால் பிடித்தது. அந்தப் பிடியை இதமாக்க ஸ்பிரிங்கும் இல்லை. லொறி அரை வண்டி நீளம் நகரும், நான் கிளட்சை விடுவேன், கார் தவளை போலத் தாவும், அணையும். பஸ்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஐந்தாவது முறை அணைந்தபோது மாமி முறுக்குப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னார்: "தம்பி, எங்கள் தோட்டத்து ட்ராக்டர்கூட இப்படிக் குலுக்காதே. கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயம்.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோது விளங்கியது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். டர்போ சுழன்றுவிட்டால் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆனால் ஏற்றத்தில் நின்று புறப்படும்போது டர்போ தூங்குகிறது. அந்த நொடியில் என்னிடம் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு காற்றை இழந்த 1.3 லீற்றர் எஞ்சின் மட்டும். அப்போது கைகொடுப்பது ஃபிளைவீல். சுழன்றுகொண்டிருக்கும் அந்த இரும்புதான் நம் சேமிப்பு; கிளட்ச் பிடிக்கும் நேரத்தில் எஞ்சின் அணையாமல் தாங்குவது அதிலுள்ள சக்தி. 8 கிலோவில் 3 கிலோவை எடுத்தால் சேமிப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும். பொதுவாக விளிம்பில்தான் வெட்டுகிறார்கள் என்பதால் இழப்பு இன்னும் கூடுதல். பலவீனமான எஞ்சின், காலியான சேமிப்பு, வழுக்கவே மறுக்கும் பிளேட்: மூன்றையும் ஒன்றாக ஒரு கொண்டை ஊசி வளைவில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான்.

இலேசான ஃபிளைவீலால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. கணக்குப் போட்டே பார்த்தேன். 13 சென்ரிமீற்றர் ஆரமுள்ள தட்டில் 3 கிலோ குறைத்தால், முடுக்கத்தின் அளவில் முதல் கியரில் காரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோ இறக்கிவைத்த மாதிரி. முதல் கியரும் கடைசிக் குறைப்பும் சேர்ந்து 14 மடங்கு, சில்லின் ஆரம் 29 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால். அதே 3 கிலோ ஐந்தாம் கியரில் வெறும் மூன்று, நாலு கிலோவாகத்தான் தெரியும், கியரின் மடங்கு அங்கே வர்க்கமாக வேலை செய்வதால். இறக்கத்தில் கியர் குறைக்கும்போது அக்சிலரேட்டரைத் தொட்டதும் சுற்று ஏறி நிற்கும் அழகை நானும் ரசித்தேன். ஏப்ரலில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஓடுபவருக்கு இந்தக் கூட்டணி பொருந்தும். அவருக்கு முன்னால் லொறி கிடையாது, பக்கத்தில் மாமியும் கிடையாது.

அழுத்தத்தைக் கூட்டும் வழியிலும் எல்லை தாண்டக் கூடாது. பிரஷர் பிளேட் இரு மடங்கு கடினமானால் இடது காலுக்கு உடற்பயிற்சி என்று சிரித்துவிடலாம், ஆனால் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த விசை எஞ்சினின் நடுத்தண்டான கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய த்ரஸ்ட் பேரிங் ஒன்றுதான். அது தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். நெரிசலில் கியரைப் போட்டபடி பெடலை மிதித்துக்கொண்டே நிற்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் எதற்கு இருக்கிறது?

கடைசியில் நான் செய்தது இவ்வளவுதான். தொழிற்சாலைக் கார்களில் வருவது போன்ற சாதாரண ஓர்கானிக் முகம், நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட். காரோடு வந்ததைவிட ஏறக்குறைய 30 வீதம் கூடுதலாக அழுத்தும் பிரஷர் பிளேட். மேலே சொன்ன கணக்கின்படி 265 நியூட்டன் மீற்றர், என் 210க்குத் தேவையான இடைவெளி அதில் இருக்கிறது. பழைய 8 கிலோ ஃபிளைவீலையே லேத்தில் முகம் சீவித் திரும்பப் பூட்டினோம். மெக்கானிக் பாஸ் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் கழற்றினீர்கள்?" என்று கேட்டார். நான் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

கியர்பொக்ஸ் இறங்கியிருக்கும்போதே எஞ்சினின் பின்பக்க சீல், பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல் போல்டுகள் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அவற்றின் விலையைவிடக் கியர்பொக்ஸை இரண்டாம் தடவை இறக்கும் கூலி அதிகம். பூட்டியபின் முதல் 500 கிலோமீற்றர் பூஸ்ட் பக்கமே போகாதீர்கள், மெதுவாக ஊர் சுற்றி முகங்கள் படிய விடுங்கள். டூயல் மாஸ் ஃபிளைவீல், அதாவது நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தட்டு, உள்ள ஐரோப்பிய கார்க்காரர்கள் அதை ஒற்றைத் தட்டாக மாற்றினால் நியூட்ரலில் கியர்பொக்ஸ் கலகலவென்று சத்தம் போடும். அது பழுதல்ல, பயப்பட வேண்டாம்.

ஆகவே பண்டாரவளைத் தம்பி, ஸ்டேஜ் 3 வேண்டாம். ஃபிளைவீலைத் தொட்டே ஆக வேண்டும் என்று மனம் துடித்தால் ஒரு கிலோ குறையுங்கள், போதும். எல்லாவற்றுக்கும் முதலில் உங்கள் காரைப் பதுளை வீதியின் ஏற்றம் ஒன்றில் ஒரு லொறிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், உங்கள் கிளட்ச் வாழப்போவது அங்கேதான்.

அந்த ஆறு துண்டுச் செரமிக் பிளேட் ஒரு வருடம் எங்கள் ஸ்டோரில் தூசு குடித்தபடி கிடந்தது. விற்பனைக்கு என்று போட்டதும் மலையகத்திலிருந்து மூன்று பேர் அழைத்தார்கள், மூவரையும் பேசியே திருப்பியனுப்பினேன். நாலாவதாக ஒருவர் அழைத்தார். எந்த ஊர் என்று கேட்டேன். புத்தளம் என்றார், கடலோரச் சமதரை. மறுநாளே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.