பியோ வைன் வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

பாரிசில் ஒரு கடையில் வைன் பகுதி என் பொறுப்பு, ஒன்பது வருசமாகிறது. ஓர்கானிக்கை இங்கே 'பியோ' என்பார்கள். அந்தப் போத்தலை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டால், நான் பார்த்த அளவில் பாதிப் பேருக்கு மேல் சொல்வது, இதைக் குடித்தால் தலையிடிக்காது என்பதுதான்.

போன சனிக்கிழமை ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போத்தலைத் திருப்பிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் வாசித்தார். பியோவுக்கான பச்சை இலை முத்திரை இருந்தது, கீழே 'சல்பைட் உண்டு' என்றும் இருந்தது. வைன் கெடாமல் இருக்கச் சேர்ப்பதுதான் சல்பைட், தலையிடிக்குப் பலரும் அதைத்தான் குற்றம் சொல்வார்கள். "பிறகென்ன பியோ?" என்று திரும்ப வைத்துவிட்டார். அவரில் பிழையில்லை, யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சல்பைட் லீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த வரியைப் போட்டே ஆகவேண்டும். ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத சிவப்பு வைனில் 150 வரை இருக்கலாம், பியோ என்றால் 100. குறைவு, அவ்வளவுதான். அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் பியோவிலும் தலையிடிக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. பிள்ளைக்குப் பியோ சாப்பாடு வாங்கிப் பழகியவர்கள், விருந்துக்குக் கொண்டுபோகிறவர்கள். ஆனால் முத்திரையைப் பார்த்ததும் ருசி இருக்காது என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியா வைன்களை வைத்து மகாலி டெல்மாஸும் லாரா கிராண்டும் செய்த ஆய்வில், சான்றிதழ் பெற்ற வைனுக்கு விலை 13 சதவீதம் கூடியது, அதையே லேபிளில் போட்டதும் 20 சதவீதம் குறைந்தது. எனக்கு அது புதினமாகவே படவில்லை.

என் காரணம் வேறு. இந்த வேலைக்கு முன் ஒரு செப்டெம்பர் போர்தோ பக்கம் முந்திரிகைக் குலை வெட்டப் போனேன். இலையெல்லாம் நீலத் தூள், மத்தியானத்துக்குள் விரல் இடுக்கெல்லாம் நீலம். ஊரில் விவசாயப் பாடத்தில் படித்த அதே போர்டோ கலவை, பூஞ்சண நோய்க்கு அடிக்கும் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும். பியோவிலும் செம்பு அடிப்பார்கள், அதை மறைக்கக் கூடாது. எக்டேருக்கு ஏழு வருசத்தில் 28 கிலோ என்று அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் செயற்கைக் களைக்கொல்லியும் செயற்கைப் பூச்சிமருந்தும் அங்கே அடிக்க முடியாது. களையை உழுதோ வெட்டியோதான் எடுக்கவேண்டும், விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2012 வரை ஐரோப்பாவில் லேபிளில் 'பியோ வைன்' என்று போடவே முடியாது, 'பியோ முந்திரிகையில் செய்த வைன்' என்றுதான். அதே 2012இல்தான் பூச்சிமருந்தோடு வேலை செய்கிறவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழிலால் வரும் நோய் என்று பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது. குடிக்கிறவர் வாரத்துக்கு இரண்டு கிளாஸ் குடிப்பார். மருந்தடிக்கிறவர் வருசா வருசம் அதற்குள்ளேதான் நிற்கிறார். முதலில் யோசிக்கவேண்டியது அவரைத்தான் என்று நான் நினைக்கிறேன், சல்பைட் எல்லாம் அப்புறம்.

முதலாளியிடம் கேட்டு, பியோ தட்டில் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன்: 'இந்தத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பதில்லை'. அந்த அம்மா வழமையாகச் சனிக்கிழமைதான் வருவார். இந்த முறை நானே போய்க் கதைக்கப் போகிறேன்.