கொலஸ்ட்ரால் மாத்திரை பல் காரையைக் கரைக்காது, ஐயா

"கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டாலே ஈறு நோய் போய்விடும், பல் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் இனி தேவையில்லை" என்று ஒருவர் காணொளி போட்டார். அது தவறு என்று அதற்குக் கீழே நான் எழுதிய இரண்டு வரிக்கு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இனியும் பேசாமலிருக்க முடியாது.

அவர் காட்டும் ஆராய்ச்சி நடந்தது உண்மை, மறுக்கவில்லை. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இதய நோய் அபாயம் கூடியவர்களுக்கு 12 வாரம் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை. சிலருக்கு 80 மில்லிகிராம், சிலருக்கு 10. அதிக அளவு சாப்பிட்டவர்களின் ஈறுகளில் அழற்சி குறைந்தது ஸ்கேனில் தெரிந்தது. 80 என்பது அந்த மருந்தின் உச்ச அளவு. அழற்சி தணிந்தது என்றார்கள். ஆடிய பல் கெட்டிப்பட்டது என்று சொல்லவில்லை. "இனி ஸ்கேலிங் தேவையில்லை" என்பது நம் காணொளிப் பேராசிரியரின் சொந்தக் கண்டுபிடிப்பு.

மாத்திரை காரையைக் கரைக்காது. என் அப்பா பல வருடம் அதே மாத்திரையை விழுங்கியவர். ஈறில் ரத்தம் கசிந்தால் உப்புத் தண்ணீர், கிராம்புத் தைலம். சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். கடைசியில் தீபாவளி முறுக்கை டீயில் நனைத்துத் தின்றார்.

"ஒருவரை வைத்து முடிவு சொல்லலாமா?" என்கிறீர்கள். காணொளிக்காரர் தன் மாமனார் ஒருவரை வைத்துத்தானே சொன்னார்? அப்போது இந்த அறிவியல் எங்கே போயிருந்தது?

பெங்களூரில் ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மருந்து) ஜெல்லை ஈறுக்குள்ளேயே வைத்துச் சோதித்திருக்கிறார்களே என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் தம்பி, காரையைச் சுரண்டி எடுத்து, அதற்குத் துணையாகத்தான் வைத்தார்கள். அதையும் 2020இல் ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவர் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

அலோபதி அடிமை என்றவர்களுக்குப் பதில் கிடையாது. அட்டோர்வாஸ்டாட்டின் எந்தச் சித்தர் அருளிய சூரணம் என்று முதலில் சொல்லட்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்கு ஈறுகளைத் தடிக்கச் செய்யும். அதற்கும் ஒரு காணொளி போடுங்களேன்! போட மாட்டீர்கள், அதை யார் பகிர்வார்கள்?

வசை பழகிவிட்டது. "பல் டாக்டர்களிடம் கமிஷன் வாங்குகிறாயா?" என்று கேட்டவர்தான் தாங்க முடியாதவர். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். அப்பாவுக்குப் பல்செட் கட்டக் கடன் கேட்டு நான் முதலில் போன் செய்தது அவருக்குத்தான். கொடுக்கவும் செய்தார். அவருக்குமா தெரியாது?