அந்த இரண்டு மேற்கோள் குறிகளைப் போட்டு அனுப்புங்கள்

ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு தகவல் பரிமாறும் வழி) எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆர்டர் எண், பார்சல் எண், கணக்கு எண், போன் எண் எதுவானாலும் அந்தத் தகவலை எழுதும் வடிவமான ஜேசனில் மேற்கோளுக்குள் வைத்து, ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக அனுப்புங்கள். அவற்றைக் கூட்டப் போகிறோமா, பெருக்கப் போகிறோமா? இல்லையே. அப்படியென்றால் அவை இலக்கங்களால் எழுதிய பெயர்கள்தான்.

பார்சல் கொண்டுசேர்க்கும் ஒரு நிறுவனத்தின் ஏபிஐயோடு ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓடும் எங்கள் நோட் சர்வரை இணைத்திருந்தோம். பார்சல் கிளம்பியதும் அவர்களிடமிருந்து ஒரு எண் வரும். 17 இலக்கம், 12 என்று தொடங்கும். அதை டேட்டாபேஸில் போட்டுவைத்து, வாடிக்கையாளர் “என் பார்சல் எங்கே” என்று கேட்கும்போது அதே எண்ணைக் கொடுத்து அவர்களிடம் விசாரிப்போம். சிலவற்றுக்கு ஒழுங்காகப் பதில் வந்தது. சிலவற்றுக்கு அப்படி ஓர் எண்ணே இல்லை என்று வந்தது. ஒருவருக்கு வேறு யாரோ ஒருவரின் பார்சல், முகவரியோடு திரையில் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

சர்வர் எழுதிவைக்கும் பதிவான லாகைத் திறந்து பார்த்தோம். அவர்கள் அனுப்பியதாகப் பதிவான எண்ணும் நாங்கள் திருப்பிக் கொடுத்த எண்ணும் ஒன்றேதான். டேட்டாபேஸிலும் அதுவேதான். சரி, தவறு அவர்களுடையதுதான் என்று முடிவுகட்டி மெயில்கூட அனுப்பிவிட்டோம்.

இரண்டாம் நாள் மாலை, உடன் வேலை பார்க்கும் பெண் ஒருவர் சேமித்த எண்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, இதுல ஒத்தைப்படை எண் ஒண்ணுகூட இல்ல.”

அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நாங்கள் லாகில் எழுதியது, ஜேசனைப் பார்ஸ் செய்த பிறகு, அதாவது படித்து மதிப்புகளாகப் பிரித்த பிறகு கிடைத்த எண்ணை. அது பார்ஸ் ஆகும்போதே மாறிப்போயிருந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் வழக்கமான எண்கள் எல்லாமே 64 பிட் மிதவைப்புள்ளி எண்கள், அதாவது தசமங்களையும் வைக்கக்கூடிய, ஆனால் துல்லியத்துக்கு வரம்புள்ள வகை. முழு எண்களை ஒன்றுவிடாமல் பிடித்துவைக்க அதனால் முடிவது 9007199254740991 வரைதான். அதற்கு மேல், ஏறக்குறைய அதன் இரு மடங்கு வரை, இரட்டைப்படை எண்களுக்கு மட்டுமே இடம் உண்டு. 12345678901234567 உள்ளே போனால் 12345678901234568 ஆக வெளியே வரும். பிழைச் செய்தி எதுவும் வராது.

அனுப்பியவர்களுடைய சர்வர் ஜாவாவில் எழுதியது. அங்கே ‘லாங்’ என்ற முழு எண் வகையில் இந்த எண் பத்திரமாக இருக்கும். பைத்தானில் வாங்கியிருந்தாலும் ஒரு இலக்கம்கூட மாறியிருக்காது. ஜேசனின் இலக்கணம் எண்ணுக்கு எல்லை எதையும் வைக்கவில்லை. ஜேசனுக்கான தர ஆவணமாக 2017இல் வந்த ஆர்எஃப்சி 8259கூட, முழு எண்கள் நான் சொன்ன அந்த எல்லைக்குள் இருந்தால் எல்லா மென்பொருளும் ஒரே மதிப்பாகப் படிக்கும் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. ட்விட்டர் 2010லேயே இந்தச் சிக்கலைச் சந்தித்தது. ட்வீட் எண்கள் எல்லை தாண்டப் போகின்றன என்பதால், ‘ஐடி’ என்ற ஃபீல்டுக்குப் பக்கத்தில் ‘ஐடி_எஸ்டிஆர்’ என்று அதே எண்ணை ஸ்ட்ரிங்காகவும் தர ஆரம்பித்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் நாம் அதே பள்ளத்தில் விழுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பிஎச்பி மொழியில் எழுதும் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காகத் தருகிறதே, விலையாவது எண்ணாகப் போகட்டும் என்று, தரவை ஜேசனாக்கும் ‘ஜேசன்_என்கோட்’டில் ‘நியூமரிக் செக்’ ஆப்ஷனைப் போடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம். அது விலையை மட்டும் பார்க்காது, எண்போல் தெரிகிற ஸ்ட்ரிங்கையெல்லாம் எண்ணாக்கிவிடும். 044 என்று தொடங்கும் சென்னை லேண்ட்லைன் எண், முன்னால் இருக்கும் சைபர் போய் 44 என்று தொடங்கும். பொருளின் குறியீடு 2, ஆங்கில எழுத்து இ, 5 என்று இருந்தால் அது 200000 ஆகிவிடும், ஏனென்றால் நடுவில் இருக்கும் அந்த இ பத்தின் அடுக்கைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். விலை எண்ணாகப் போக வேண்டுமென்றால் விலை ஃபீல்டை மட்டும் கையால் மாற்றுங்கள். ஒரு வரி வேலை.

அப்புறம், வெளியிலிருந்து வரும் ஜேசனை வாங்குகிற சர்வரில், பார்ஸ் செய்வதற்கு முன்பே வந்ததை வந்தபடி கொஞ்ச நாளுக்காவது சேமித்து வையுங்கள். தனிப்பட்ட விவரங்கள் இருந்தால் பூட்டி வையுங்கள். எங்களிடம் அது இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

அந்த நிறுவனத்திடம் எடுத்துச் சொன்னதும் பழைய ஃபீல்டைத் தொடாமல், ஸ்ட்ரிங்காகப் புதிய ஃபீல்டு ஒன்றைச் சேர்த்துத் தந்தார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன எண்களை மீட்க வழி இருந்தது. இந்த அளவுள்ள எண் மாறினால் ஒன்று கூடியிருக்கும், இல்லை ஒன்று குறைந்திருக்கும். அதனால் சேமித்த ஒவ்வொன்றுக்கும் அந்த எண், அதற்கு முந்தையது, பிந்தையது என மூன்றையும் விசாரித்து, எங்கள் ஆர்டரின் பின்கோடும் அனுப்பிய தேதியும் பொருந்தியதை எடுத்துக்கொண்டோம். இரவு பதினொரு மணிக்குக் கடைசி எண்ணும் பொருந்தியது. அது 7இல் முடிந்தது.